ஊசி போட்ட பிறகும் காலைத் தாங்கி நடக்கிறீர்களா?

அந்த அம்மா என்னிடம் வந்தபோது கையில் வைத்திருந்தது முழங்கால் எக்ஸ்ரே. சத்துணவுக் கூடத்தில் வேலை, வயது 58. வலது முட்டி வலி என்று ஒரு வருடமாகத் தைலம் தேய்த்திருக்கிறார். படத்தில் முட்டி அப்படியொன்றும் மோசமில்லை. படுக்கவைத்து, காலை மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினேன். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. அவர் கை தானாகக் கவட்டிக்குப் போனது.

இடுப்பு மூட்டுத் தேய்மானம் இப்படித்தான் ஏமாற்றும். நம் ஊரில் இடுப்பு வலி என்றால் முதுகின் கீழ்ப்பகுதியைத்தான் காட்டுவார்கள். இடுப்பு மூட்டின் வலி வருவது பெரும்பாலும் கவட்டியிலும் தொடையின் முன்பக்கத்திலும். சிலருக்கு முட்டியில் மட்டும்தான் தெரியும். சம்மணம் போட முடியவில்லை, கால் நகம் வெட்ட முடியவில்லை, பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்றால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடுப்பு எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி நன்றாகவே குறைந்திருந்தது. ஆபரேஷனுக்கு அவசரமில்லை, ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் எலும்பு மருத்துவர்.

இந்த மூட்டு ஆழத்தில் இருக்கிறது. முன்பக்கம் பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதனால் முட்டிக்குப் போடுவதுபோல் தொட்டுப் பார்த்துப் போடுவது சரியில்லை. ஸ்கேன் திரையிலோ எக்ஸ்ரே திரையிலோ ஊசி முனையைப் பார்த்தபடிதான் போட வேண்டும். உள்ளே போவது மரத்துப்போகும் மருந்தும், வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டும். மரத்துப்போகும் மருந்து சில மணி நேரம்தான் தாங்கும். அந்த நேரத்தில் வலி நன்றாகக் குறைந்தால், வலி இந்த மூட்டிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்துவிடும். அன்று கால் கொஞ்சம் பிடிமானம் இல்லாமல் இருக்கலாம், வண்டி ஓட்ட வேண்டாம். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆகும்.

எவ்வளவு நாள் தாங்கும்? சில வாரங்கள், நன்றாகக் கேட்டால் இரண்டு மூன்று மாதம். இங்கிலாந்தில் 199 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2022-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட, ஸ்கேன் பார்த்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. அந்த வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தது இரண்டாவது வாரத்தில்.

அந்த அம்மாவும் சரியாக இரண்டாவது வாரம்தான் மறுபடி வந்தார். பத்துக்கு ஏழு என்று சொன்ன வலி இப்போது இரண்டு. முகமே மாறியிருந்தது. ஆனால் தாழ்வாரத்தில் அவர் வரும்போதே செருப்புச் சத்தம் கேட்டேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. முதல் நாள் கேட்ட அதே சத்தம்.

வலிக்கிற காலில் நிற்கப் பயந்து, நல்ல காலை அவசரமாக எடுத்துப் பக்கத்திலேயே ஊன்றிவிடுகிறோம். இதையே ஒரு வருடம் செய்தால் இடுப்பின் முன்பக்கத் தசை இறுகும், பக்கவாட்டுத் தசை மெலியும். அந்தக் காலில் நிற்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும். ஊசி மூட்டுக்குள்ளே இருக்கிற வீக்கத்தைத்தான் தணிக்கும். மெலிந்த தசையை அது ஒன்றும் செய்யாது. ஊசி பலிக்கவில்லை, நடை அப்படியேதான் இருக்கிறது என்று குறைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வலி இல்லாத இந்தச் சில வாரங்கள் உடற்பயிற்சிக்குக் கிடைத்த நேரம். முன்பு வலியால் செய்ய முடியாததை இப்போது செய்யலாம்.

அவருக்கு நான் சொன்னவை எளிமையானவைதான். சமையல் மேடையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. அப்புறம், கூடத்து டைல்ஸில் ஒரு கல்லுக்கு ஓர் அடி என்று இரண்டு காலையும் சமமாக வைத்து நடப்பது. கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். ஒற்றைக் காலில் எடை விழும் நேரத்தில் இடுப்பு மூட்டு தாங்குவது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. எதிர்க் கையில் தடி பிடித்தால் அந்தச் சுமை நன்றாகக் குறையும்.

வலி இல்லை என்பதற்காக ஓட வேண்டாம். ஊசி போட்ட பத்தாம் நாள் ஒருவர் திருவண்ணாமலை கிரிவலம் போய் 14 கிலோமீட்டரும் சுற்றிவிட்டு வந்தார். மறுநாள் வீட்டுப் படி ஏற முடியவில்லை. தேய்மானம் அங்கேயேதான் இருக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று அபாயம் கூடுகிறது. அதிக விலை சொல்லும் ஜெல் ஊசி (மூட்டுக்கு வழவழப்புத் தரும் என்று போடுவது) இடுப்புக்கு வேண்டாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி அழுத்தமாகவே சொல்கிறது. கடன் வாங்கி அதைப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் அந்த அம்மாவுக்கு வலி கொஞ்சம் திரும்பியது, நான்கு என்றார். அன்று தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் ஒரே சீராக வந்தது. வேறு யாரோ என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.