இரவு மைக் செட், பட்டறைச் சத்தம், குப்பைப் புகை: புகாரை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

இரவு பதினொன்றரைக்கு மைக் செட் அலறுகிறது என்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், பெரும்பாலும் முதல் கேள்வி "உங்க பேரு, வீட்டு நம்பர் சொல்லுங்க" என்பதுதான். கொஞ்ச நேரத்தில் விழாக் கமிட்டி ஆள் வாசலில் வந்து நிற்பார். "என்ன சார், ஒரு நாள் திருவிழாவுக்குப் போய் கம்ப்ளெயின்ட்டா?"

பகலில் பட்டறைச் சத்தம் என்று மாநகராட்சிக்குப் போனால், சத்தமெல்லாம் மாசு கட்டுப்பாடு வாரியம் பார்க்கும் என்பார்கள். வாரியத்தில், இவ்வளவு சின்னப் பட்டறை எங்கள் பட்டியலிலேயே இல்லை, லைசென்ஸ் கொடுத்தவரிடம் போங்கள் என்பார்கள். ஸ்டேஷனில் இது சிவில் மேட்டர். உங்களுக்கு உரிமை இல்லை என்று எந்த ஆபீசிலும் சொல்வதில்லை, அடுத்த ஆபீசுக்கு வழி மட்டும் காட்டுவார்கள். இப்படி அலைந்து சலித்து, கடைசியில் வாடகை வீட்டையே மாற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி கொஞ்சம் போதும். 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு.

மீட்டர் எங்கே என்று கேட்டால்

நிறைய பேர் போனில் ஒரு டெசிபல் ஆப் இறக்கி, 82 காட்டுகிறது என்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கேயே மனு பலவீனமாகிவிடும். அந்த ஆப்புக்கு யாரும் அளவீட்டுச் சான்று கொடுக்கவில்லை, அதை எந்த அதிகாரியும் ஏற்கப்போவதில்லை. போதாததற்கு, 7-வது விதிப்படி பகல் நேரப் புகார் நிற்க வேண்டுமானால் அந்தப் பகுதிக்கான அளவைவிடச் சத்தம் 10 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். குடியிருப்பில் 65-ஐத் தொட வேண்டும். உங்கள் வீடு மெயின் ரோட்டில் இருந்து, நில வரைபடத்தில் அது வணிகப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால் 75. வாரியத்து ஆள் மீட்டருடன் வரும் நாளில் பட்டறை எப்படியோ அமைதியாக இருக்கும், அது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரவுக்கு இந்த மீட்டர் வம்பே வேண்டாம். அதே 7-வது விதியில் இன்னொரு பாதி இருக்கிறது: இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலே புகார் கொடுக்கலாம், அளவு எவ்வளவு என்ற கேள்வி எழாது. 10 மணிக்கு மேல் வெளியிடத்தில் ஒலிபெருக்கி போட்டார்களா, இல்லையா என்பது மட்டும்தான் விஷயம். அதனால் உங்கள் மனுவில் "அதிக சத்தம்" என்று எழுதாதீர்கள். "இரவு 10 மணிக்கு மேல், 5(2) விதிக்கு மாறாக ஒலிபெருக்கி பயன்படுத்தப்பட்டது" என்று எழுதுங்கள். முன்னதை எழுதினால் மீட்டர் கேட்பார்கள், பின்னதை எழுதினால் கேட்க இடமில்லை.

5(2) விதி ஒலிபெருக்கியோடு நிற்கவில்லை. இசைக்கருவி, ஒலி எழுப்பும் எந்தக் கருவியானாலும் இரவில் மூடிய அரங்குக்குள்தான். பேண்ட் வாத்தியம், செண்டை மேளம், டி.ஜே. வண்டி எல்லாம் இதில் அடங்கும். கல்யாண மண்டபக்காரர் "எங்களுடையது மூடிய ஹால்" என்று சொல்வார். ஹாலுக்குள் பாடினால் சரி, வாசலில் பாக்ஸ் வைத்து மாப்பிள்ளை ஊர்வலம் நடத்தினால் அந்த விலக்கு கிடையாது.

திருவிழாவுக்கு அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறது என்பது அடுத்த பதில். கொடுக்கலாம்தான். ஆனால் இரவு 10 முதல் 12 வரை மட்டும், ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகாமல், எந்தெந்த நாள் என்று பொதுவாக முன்கூட்டியே அறிவித்துத்தான் மாநில அரசு கொடுக்க முடியும். நள்ளிரவுக்கு மேல் யாராலும் முடியாது. விடியற்காலைக்கும் இந்தச் சலுகை இல்லை. மார்கழியில் நாலரைக்கு ஸ்பீக்கர் போட்டால் விதிப்படி அது இரவுதான். கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, கணக்கு ஒன்றே. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கட்டட வேலைக்கும் இதே இரவுக் கணக்குதான். 5ஏ விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் போடும் கட்டுமான இயந்திரத்தை இயக்கக் கூடாது. போர்வெல் வண்டி ராத்திரிதான் கிடைத்தது, கான்கிரீட் வண்டிக்குப் பகலில் சிட்டிக்குள் அனுமதி இல்லை என்பதெல்லாம் பில்டரின் கஷ்டம். விதியில் அதற்கு விலக்கு இல்லை.

ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். எதிரே ஆஸ்பத்திரி இருக்கிறது, 100 மீட்டருக்குள் அமைதி மண்டலம் என்று நம்பி மனு எழுதுபவர்கள் அதிகம். 2017-ல் விதியைத் திருத்திவிட்டார்கள். மாநில அரசு அறிவிக்கை செய்யாத இடம் தானாக அமைதி மண்டலம் ஆகாது. உங்கள் இடம் அறிவிக்கப்பட்டதா என்று தெரியாமல் மனுவை அதன் மேல் கட்டாதீர்கள், அந்த ஒரு வரியைக் காட்டியே மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

யாருக்கு, எப்படி

சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது 100 அல்லது 112. அந்த அழைப்பு பதிவாகும், நேரத்துக்கு அதுதான் சாட்சி. பெயரை எதிர்த்தரப்பிடம் சொல்ல வேண்டாம் என்று அப்போதே தெளிவாகச் சொல்லுங்கள். போனில் எடுக்கும் வீடியோவில் நேரம் தெரிய வேண்டும், சுவர்க் கடிகாரமோ டி.வி. செய்தியோ தெரிந்தால் போதும்.

மறுநாள் எழுத்து மூலம் கொடுங்கள். விதி சொல்லும் அதிகாரிகள் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாமல் அரசு நியமித்த அதிகாரி. எஸ்.ஐ.யிடம் கொடுத்த மனு அவர் மேசையோடு நின்றுவிடக்கூடும். மேலதிகாரியின் பெயருக்கே எழுதி, நகலை ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறியதற்கான சீட்டு) வாங்குங்கள். "நாங்க பேசிட்டோம், எதுக்குச் சி.எஸ்.ஆர்.?" என்பார்கள். வாங்காமல் வந்தால் நீங்கள் புகார் கொடுத்ததற்கே ஆதாரம் இல்லை. தரவே மாட்டேன் என்றால் அதே மனுவை ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, ஒப்புகையுடன் அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள்.

சொத்து வரி ரசீது கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும் புகார் கொடுக்கலாம், விதியில் இருப்பது "ஒரு நபர்" என்பதுதான், வீட்டு ஓனர் என்று இல்லை.

பட்டறை, மில், ஓட்டல் புகை

அலைச்சல் அதிகம் இங்கேதான். மாசு கட்டுப்பாடு வாரியம் தொழில்களை, மாசு எவ்வளவு என்பதைப் பொறுத்து, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற நிறங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளைக்கு வாரியத்தின் இசைவாணையே (தொழிலை நடத்த வாரியம் தரும் அனுமதி) வேண்டாம். ஆகவே முதலில் அந்தத் தொழில் எந்த நிறம் என்று பாருங்கள். வெள்ளை என்றால் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் ஆபீசுக்கு நடப்பது பெரும்பாலும் வீண். மற்ற நிறம் என்றால் "இசைவாணை இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன" என்பதே உங்கள் முதல் கேள்வி.

உள்ளாட்சியில் தொழில் உரிமம் தனி. அங்கே வாய்வழியாக "லைசென்ஸ் இருக்குங்க" என்று சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உரிமத்தின் நகல், அதில் குறிப்பிட்ட தொழில், அனுமதித்த இயந்திரக் குதிரைத்திறன், கட்டட அனுமதி எந்தப் பயன்பாட்டுக்கு என்பதைக் கேளுங்கள். குடியிருப்பு என்று பிளான் வாங்கிய கட்டடத்தின் தரைத்தளத்தில் லேத் ஓடுவது சாதாரணம். மின் இணைப்பும் வீட்டு இணைப்பாக இருந்தால் மின்வாரியப் பிரிவு ஆபீசில் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அது சத்தத்துக்கான சட்டம் இல்லைதான். ஆனால் மற்ற ஆபீஸ்களைவிட அங்கே சீக்கிரம் ஆள் வருவார், ஏனென்றால் அது அவர்களுக்கு வரவேண்டிய பணம்.

உரிமம் முறையாகவே இருக்கிறது என்றால்? அப்போதும் முடிந்துவிடவில்லை. உரிமம் என்பது தொழில் செய்ய அனுமதி, ஊரைத் தொல்லைப்படுத்த அனுமதி இல்லை. இங்கே உதவுவது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதிய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 152-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இதுவே குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133. பொதுத்தொல்லையை நீக்கும்படி நிர்வாக நடுவர், நடைமுறையில் பெரும்பாலும் கோட்டாட்சியர், நிபந்தனை உத்தரவு போடலாம். மக்களின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடான தொழிலை நிறுத்தவும் முறைப்படுத்தவும் சொல்லலாம். பணம் இல்லை என்று சாக்கடையைக் கவனிக்காமல் விட்ட மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சியையே இந்தப் பிரிவை வைத்துத்தான் 1980-ல் உச்ச நீதிமன்றம் வேலை செய்ய வைத்தது.

இதிலும் பொறிகள் உண்டு. மனுவின் தலைப்பில் "பிரிவு 152-ன் கீழ் மனு" என்று இல்லாவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்து மனுக்களோடு அதையும் கட்டி வி.ஏ.ஓ.வுக்கு அனுப்பிவிடுவார்கள். "போலீஸ் ரிப்போர்ட் வாங்கி வாங்க" என்று சொன்னால், போலீஸ் அறிக்கை அல்லது வேறு தகவல் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வேறு தகவல் என்பது உங்கள் மனுதான். எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்து வீட்டுக்காரரோடு உங்களுக்கு இருக்கும் சுவர்த் தகராறு, பார்க்கிங் தகராறு ஒரு வரிகூட மனுவில் வரக் கூடாது. வந்தால் தனிப்பட்ட விரோதம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று மூடிவிடுவார்கள். தெருவுக்கே தொல்லை என்று காட்ட வேண்டும், அதற்குக் கையெழுத்துகள் வேண்டும். ஐம்பது பேரிடம் வாங்காதீர்கள். விசாரணைக்கு வந்தால் "படிக்காம போட்டுட்டேன்" என்று சொல்லாத ஐந்து பேர் போதும்.

எதிர்த்தரப்பு மறுத்தால் விசாரணை நடக்கும். அதை 90 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் 120 நாளில் முடிக்க வேண்டும் என்று இப்போது 157-வது பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இந்தக் கெடு இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இதை நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான், அவர்களாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்டேஷனில் பொதுத்தொல்லை என்று ஒரு வழக்குப் போட்டுவிட்டோம் என்றால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 292-ல் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். பட்டறைக்காரருக்கு அது ஒரு நாள் டீச் செலவு. தொல்லையைத் தொடரக் கூடாது என்று அதிகாரி தடையாணை போட்ட பிறகும் தொடர்ந்தால்தான் 293 வரும், அதில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடம் உண்டு. அதனால்தான் முதலில் உத்தரவு வாங்கச் சொல்கிறேன்.

குப்பைப் புகை

திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. சென்னையில் 1913-க்குச் சொல்லலாம், மற்ற ஊர்களில் ஆணையர் அல்லது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள். எரிப்பது தூய்மைப் பணியாளராகவே இருந்தால் அவரைப் படம் பிடித்துப் போடாதீர்கள். அள்ள வண்டி அனுப்பாத ஆபீஸ்மேல் மனு போடுங்கள். இல்லாவிட்டால் கூலிக்காரர் ஒருவர் வேலை இழப்பார், புகை அடுத்த வாரம் வேறொருவர் கையால் வரும்.

மூடப்பட்ட மனுக்கள்

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கோ ஆட்சியர் கூட்டத்திலோ கொடுத்த மனு சில வாரத்தில் "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடிந்து போயிருக்கும். அதற்கு முன் யாராவது வந்து "விசாரிச்சதுக்கு ஒரு கையெழுத்து" கேட்டிருப்பார். அந்தத் தாளில் பெரும்பாலும் "இருதரப்பும் சமாதானமாகப் போய்விட்டோம்" என்ற மாதிரி ஏதாவது இருக்கும். படித்துப் பார்த்து, தொல்லை தொடர்கிறது என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, எந்த நிலையிலும் வேண்டாம்.

அப்புறம் தகவல் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், இது தகவல் இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும். என் மனு எண் இன்னதன் மேல் எழுதிய குறிப்பு, ஆய்வறிக்கை, அனுப்பிய நோட்டீஸ் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் மேல்முறையீடு.

கடைசியாக ஒரு கெடு. வாரியமும் உள்ளாட்சியும் கைவிட்டால் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் போனால் பிரச்சினைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆபீஸ் ஆபீசாக மனு கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் இதில் தானாகக் கழியாது. அதிகாரிகள் உங்களை அலைய விடும்போதே இந்தக் கடிகாரமும் ஓடுகிறது. பலர் மனுவின் முதல் வரியிலேயே "பல வருடங்களாக" என்று எழுதிவிடுகிறார்கள், பரிதாபம் கூடும் என்று. எதிர்த்தரப்பு வக்கீல் தீர்ப்பாயத்தில் முதலில் படித்துக் காட்டுவது அந்த வரியைத்தான். புதிதாக ஒரு இயந்திரம் இறங்கியிருந்தாலோ, வேலை நேரத்தை இரவுக்கு நீட்டியிருந்தாலோ, அது நடந்த தேதியை அப்படியே குறிப்பிடுங்கள்.