கல்லூரி விளையாட்டு வீரருக்குப் பணம்: அமெரிக்காவின் புதிய விதிகள்

லாஸ் வேகாஸில் கார் விற்பனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்துவந்த எட் ஓ'பேனன், நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஓடிக்கொண்டிருந்த வீடியோ கேமில் தன்னையே கண்டார். யு.சி.எல்.ஏ. எனப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிச் சீருடை, 31 என்ற எண், மழித்த தலை, இடது கை ஆட்டம் எல்லாம் அவருடையவை, பெயர் மட்டும் இல்லை. 1995-இல் அந்த அணி தேசியக் கோப்பையை வென்றபோது முன்னின்று ஆடியவர் அவர். கேமை விற்றவர்களும் அதற்கு உரிமம் கொடுத்தவர்களும் காசு பார்த்தார்கள், அவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. 2009-இல் அவர் தொடுத்த வழக்கிலிருந்து கிளைத்த சட்டப் போராட்டங்கள்தாம் இன்றைய விதிகளில் வந்து நிற்கின்றன.

கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம், கல்லூரிக்காக ஆடுபவருக்குப் படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு போன்ற செலவுகளுக்கு மேல் எதுவும் கிடைக்கக் கூடாது என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தது. 1950களில், ஆட்டத்தில் அடிபட்டவர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தபோது, அவர்களைத் தொழிலாளர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லை அச்சங்கம் புழக்கத்தில் விட்டது. இதற்கிடையே தொலைக்காட்சி உரிமம் கோடிகளில் வளர்ந்தது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்லர், அரசுப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரோ கூடைப்பந்துப் பயிற்சியாளரோதான். ஆடுபவருக்கு மட்டும் கொள்கை, ஆட்டுவிப்பவருக்குச் சந்தை விலை என்ற இந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் நெடுநாள் நிற்கவில்லை.

2019-இல் கலிஃபோர்னியா, மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விற்றுச் சம்பாதிப்பதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று முதலில் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் என்ற முன்னாள் கல்லூரி வீரரும் பிறரும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு, படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு வைப்பதைப் பற்றியது மட்டுமே என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது சங்கத்துக்குப் புரிந்துவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், விளம்பர ஒப்பந்தங்களுக்கு வழிவிட்டது. பெயர், உருவம், சாயல் ஆகியவற்றுக்கான இந்த உரிமையையே என்.ஐ.எல். என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

அதன்பின் பெரிய கல்லூரிகளின் ஆதரவாளர்கள் நிதி திரட்டிக் 'கலெக்டிவ்' என்ற அமைப்புகளைத் தொடங்கினார்கள். விளம்பரம் என்ற பெயரில் இவை கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, நல்ல ஆட்டக்காரரைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்கவும் தக்கவைக்கவும் கொடுக்கப்பட்டதே. இதை ஒழுங்குபடுத்தும் நோக்கமும் ஹவுஸ் என்ற நீச்சல் வீரரும் பிறரும் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கின் சமரசத் தீர்வுக்கு உண்டு. கிளாடியா வில்கன் என்ற நீதிபதி 2025 ஜூன் 6 அன்று அதற்கு ஒப்புதல் அளித்தார். ஓ'பேனன் வழக்கிலும் 2014-இல் தீர்ப்பு எழுதியவர் இவரே.

தீர்வின்படி, 2016 முதல் கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல்நிலைப் பிரிவில் ஆடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். மேலும், 2025 ஜூலை 1 முதல், தீர்வை ஏற்கும் கல்லூரிகள் தாமே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். அதற்கு முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரி ஒன்றுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், பின்னர் ஆண்டுதோறும் உயரும். இந்தத் தொகையை எந்த விளையாட்டுக்கு எவ்வளவு பிரிப்பது என்பது கல்லூரியின் விருப்பம் என்பதால், ஒரு நீச்சல் வீராங்கனைக்குச் சல்லிக்காசும் கிடைக்காமல் போகலாம். புதிதாகக் கூட்டும் உதவித்தொகைகளில் 25 லட்சம் டாலர் வரை இதே வரம்பில் கழிக்கப்படும். உதவித்தொகைகளுக்கு இருந்த எண்ணிக்கை வரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்கு அது 105. உதவித்தொகை இல்லாமல் அணியில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர் இதனால் இடம் இழக்கும் நிலை வந்ததால்தான், ஏற்கெனவே இருந்தவர்களுக்கு விலக்கு அளிக்கும் வரை நீதிபதி தீர்வை நிறுத்தி வைத்திருந்தார்.

வெளியார் தரும் விளம்பரப் பணம் இந்த உச்சவரம்பில் சேராது, ஆனால் கண்காணிப்பில் சேரும். 600 டாலரோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள ஒப்பந்தத்தை, ஐந்து வேலை நாட்களுக்குள் 'என்.ஐ.எல். கோ' என்ற இணையத் தளத்தில் மாணவர் பதிவு செய்ய வேண்டும். டெலாய்ட் நிறுவனம் உருவாக்கிய இத்தளத்தை, புதிதாக அமைக்கப்பட்ட கல்லூரி விளையாட்டு ஆணையம் பயன்படுத்துகிறது. பணம் தருபவர் கல்லூரியோடு தொடர்புடையவர் என்றால் இரண்டு கேள்விகள் எழும்: உண்மையிலேயே ஒரு பொருளையோ சேவையையோ விற்கத்தான் இந்த விளம்பரமா? தொகை நியாயமான சந்தை விலைக்குள் இருக்கிறதா? வாழ்நாளில் 50,000 டாலருக்கு மேல் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தவர்கூட இந்த 'தொடர்புடையவர்' பட்டியலில் வருவார். ஒப்பந்தம் நிராகரிக்கப்பட்டால் திருத்தி மீண்டும் அனுப்பலாம், அல்லது நடுவர் மன்றத்தை நாடலாம். இருபது வயதுப் பையனின் புன்னகைக்குச் சந்தை விலை என்ன என்பதைக் கணக்கிடும் வேலை எவ்வளவு வில்லங்கமானது என்று சொல்லத் தேவையில்லை.

விளம்பர வருமானத்துக்கு வரி உண்டு. கல்விக் கட்டணத்துக்கான உதவித்தொகைக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. செலவு போக 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரிக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். பணமாக இல்லாமல் காராகவோ காலணியாகவோ வந்தாலும் அதன் மதிப்பு வருமானமே.

நம் ஊரிலிருந்து டென்னிஸ் மட்டையோடு அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இது. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என இரு ஆண்டுகள் ஒற்றையர் பட்டம் வென்ற காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. இப்போது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர், அனுமதி பெறாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்தால் விசாவே போய்விடும், விளம்பரத்தில் நடிப்பதும் வேலையாகக் கருதப்படலாம். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரரும் காங்கோ நாட்டவருமான ஆஸ்கர் ஷிப்வே, 2022-இல் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது, தன் விளம்பர வேலைகளை அமெரிக்க மண்ணில் செய்யாமல் அங்கே வைத்து முடித்துக்கொண்டார். சக ஆட்டக்காரர் கையெழுத்திட்டார் என்பதற்காக நம் பிள்ளையும் கையெழுத்திடக் கூடாது. குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே பேனாவை எடுக்க வேண்டும்.

இழப்பீட்டில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து ஆண்களுக்கே போகிறது என்றும், இது பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் பிரிவுச் சட்டத்துக்கு எதிரானது என்றும் வீராங்கனைகள் மேல்முறையீடு செய்ததால், இழப்பீடு வழங்குவது மட்டும் தடைபட்டது.

கல்லூரி நேரடியாகக் கொடுக்கும் பணத்தைக்கூட, பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கான உரிமத் தொகை என்றே ஒப்பந்தங்கள் எழுதுகின்றன. சம்பளம் என்று எழுதிவிட்டால் குறைந்தபட்ச ஊதியம், காயத்துக்கு இழப்பீடு, தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் பின்னாலேயே வரும். டார்ட்மத் கல்லூரியின் ஆடவர் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தது. அந்த ஆண்டு முடியும் நாளில், சாதகமற்ற தீர்ப்பு ஒன்று முன்னுதாரணமாகிவிடக் கூடாது என்று, தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் கொடுத்திருந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் முன்வைக்கப்பட்ட ஸ்கோர் மசோதா, வீரர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்பதைச் சட்டமாகவே எழுதிவிடப் பார்க்கிறது.