மாண்டிசோரி வகுப்பில் தமிழ்: கோடும் கோலமும் எழுத்தும்

மாண்டிசோரி என்று பெயர்ப்பலகை வைத்த பள்ளிகளிலும் ஒன்பதரைக்கு ஆர்ட், பத்தேகாலுக்குத் தமிழ், பதினொன்றுக்கு பி.டி. என்று அட்டவணை தொங்குவதுண்டு. பெற்றோருக்கு அது நிறைவாகத் தெரியும். ஆனால் குழந்தை தானே பொருளைத் தேர்ந்து, செய்து பார்த்துக் கற்கும் இந்த முறையின் உயிர், மணி அடித்துக் கலைக்காத மூன்று மணி நேர வேலைப் பொழுது. பாயை விரித்து, பொருளை எடுத்துவந்து, அதில் மனம் ஒன்றும் நேரத்தில் மணி அடித்தால் மறுநாள் அந்தக் குழந்தை சீக்கிரம் முடியும் வேலையாகப் பார்த்து எடுக்கும். தனி ஆசிரியர் வந்து நடத்தும் பாட்டு, விளையாட்டு வகுப்புகளைப் பதினொன்றரைக்கு மேல் தள்ளிவிடுங்கள். எழுத்துக்கு வேண்டிய ஓவியமும் உடற்பயிற்சியும் அறைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் கோட்டில் நடை. தரையில் ஓர் அங்குல அகல டேப்பை நீள்வட்டமாக ஒட்ட வேண்டும். சிறிய வட்டமாக ஒட்டினால் குழந்தை திரும்பிக்கொண்டே இருக்கும், சமநிலை வராது. வெறுங்கால், முன்காலின் குதிகாலைப் பின்காலின் விரல் தொட வேண்டும். சில நாள் வெறுங்கையோடு நடந்தபின் கையில் ஒரு கொடி, பிறகு முக்கால் டம்ளர் தண்ணீர், கடைசியில் ஒலிக்கக் கூடாத மணி. தாளம் போடுவதானால் ‘தகதிமி’யை மெதுவாகச் சொல்லுங்கள், வேகம் கூடினால் நடை ஓட்டமாகிவிடும். இடையில் யாராவது “சபாஷ்” என்றால் குழந்தை நிமிர்ந்து பார்க்கும், கால் கோட்டைவிட்டு இறங்கும். மேசைமேல் கவிழ்ந்து, தாளைப் பிடிக்க வேண்டிய கையில் தலையைத் தாங்கிக்கொண்டு எழுதும் குழந்தைக்கு முதலில் வேண்டியது இந்தக் கோடும், செடிக்குத் தண்ணீர் சுமக்க ஒரு சின்ன வாளியும். நான்கு கோடு நோட்டு காத்திருக்கட்டும்.

அடுத்தது விரல். மரக்கட்டையின் குழிகளில் பொருந்தும், குமிழ் வைத்த உருளைகளைத் தூக்கும்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்கின்றன. கோலமாவைக் கிள்ளி எடுப்பதும் அதே மூன்று விரல்தான், பென்சில் பிடிப்பதும் அதே. ஒரு தட்டில் கொஞ்சம் அரிசிமாவு, தரையில் மூன்றுக்கு மூன்று புள்ளி, அதைச் சுற்றி ஒரு நெளிக்கோலம்: கை வளைந்து திரும்பக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பொருள் கிடையாது. சட்டமும் அதற்குள் பொருந்தும் வடிவமுமாக வரும், சுற்றிக் கோடு வரைவதற்கான உலோக அச்சுகள் பத்தில் தமிழுக்கு வட்டம், நீள்வட்டம், முட்டை வடிவம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நல்லது; நம் எழுத்தில் சுழி அதிகம். சட்டத்தை ஒரு நிறத்திலும் உள்வடிவத்தை வேறு நிறத்திலும் வரைந்து, நடுவே இடமிருந்து வலமாக நெருக்கமான கோடுகளால் நிரப்ப வேண்டும். தாளின் பின்பக்கம் தடம் புடைத்தால் அழுத்தம் அதிகம். அச்சடித்த படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதில் இந்தப் பயிற்சி எதுவும் கிடைக்காது.

மூன்றரை வயது வாக்கில் மணல்தாள் எழுத்து, அதாவது உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிய எழுத்து. விரல் நுனியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிட்டு, சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவ வேண்டும். தாள் சொரசொரப்பாக இருந்தால் குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். மென்மையான ரகமே போதும். ஒரே நாளில் ண, ன, ந மூன்றையும் எடுத்துவைப்பது பெரிய தவறு. ல, ள, ழவும் அப்படித்தான். வடிவிலும் ஒலியிலும் விலகி நிற்கும் ட, ம, அ போன்ற மூன்று போதும். ‘இக்’, ‘இல்’ என்று பெயர் சொல்லிப் பழக்கினால் ‘பல்’ என்பதை ‘ப-இல்’ என்று படிப்பார்கள். சொல்லின் கடைசியில் கேட்கும் ஒலியைத்தான் சொல்லித்தர வேண்டும்: கல், பால், வேல்.

இந்த முறையை வகுத்த மரியா மாண்டிசோரி 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்து, அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அந்த வகையில் இது நமக்குப் பழகிய முறைதான். ஆனால் சொற்களைக் கோத்துப் பழகும் எழுத்துப் பெட்டியை மட்டும் ஆங்கிலப் பெட்டியைப் பார்த்துச் செய்துவிடக் கூடாது. 247 எழுத்தையும் வெட்டி அடுக்கவும் தேவையில்லை. உயிர் 12, மெய் 18 (க, ச என்று புள்ளியில்லாத வடிவில்), கூடவே புள்ளி, துணைக்கால், கொம்புகள் போன்ற குறிகளைத் தனித்துண்டாக வைக்கலாம். முதலில் துணைக்கால்: ஒலி வரும் வரிசையிலேயே வலப்பக்கம் நிற்பதால் ‘பால்’, ‘தாத்தா’ தானாக அமையும். கொம்பு அப்படியல்ல. ‘கெ’யில் காது முதலில் கேட்பது க், கண் முதலில் பார்ப்பது கொம்பு. குழந்தை கொம்பை வலப்பக்கம் வைத்தால் அது காதுக்கு உண்மையாக இருக்கிறது என்றுதான் பொருள். திருத்தாமல், சில நாள் கழித்து அந்த எழுத்தைத் தனிப் பாடமாகக் காட்டுங்கள். ‘கொ’ இருபுறமும் துண்டு கேட்பதால் அதற்கும் பின்னால் வரட்டும்.

உகர, ஊகார வரிசைக்குத் தனிக்குறி செல்லாது. கு, சு, து, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அந்த 36 எழுத்தையும் முழுசாகவே வெட்டி, இன்னொரு தட்டில் வைத்துவிடுங்கள்.