தீயைப் பார்க்கும் கண்

அமெரிக்காவின் வடகிழக்கில், மெய்ன், மாசசூசெட்ஸ் பக்கம், பழைய வீடுகள் பலவற்றின் நிலவறையில் எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர்தான் குளிர்காலத்தை ஓட்டுகிறது. எண்ணெய் என்றால் ஏறக்குறைய டீசல்தான். பம்ப் அதை 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் தள்ள, நாசில் என்ற நுண்துளை முனை அதைப் புகைபோல் தூவும். பக்கத்திலேயே 10,000 வோல்ட் பொறி. பற்றிக்கொண்டால் சரி. பற்றாவிட்டால்?

தூவிய எண்ணெய் எரியறையில் தேங்கும். அப்புறம் எப்போதாவது பொறி பிடித்தால் அத்தனையும் ஒரே நொடியில் பற்றும். வீடு முழுக்கக் கரி அப்பிவிடும். புகைக்குழாயே கழன்று விழுவதும் உண்டு.

இதைத் தடுக்க, எண்ணெயைத் தூவிப் பற்றவைக்கும் பாகமான பர்னருக்குள் சுண்டுவிரல் நகமளவில் ஒரு கண் இருக்கிறது: காட்மியம் சல்ஃபைடு செல். பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் தானியங்கித் தெருவிளக்கு செய்வார்களே, அதிலுள்ள எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) வகைதான். இருட்டில் அதன் மின்தடை லட்சக்கணக்கான ஓம். தீயின் மஞ்சள் வெளிச்சம் பட்டதும் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். 15 முதல் 45 விநாடிக்குள் தடை இறங்காவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். முன்பு இந்த வேலைக்குப் புகைக்குழாயில் ஓர் ஈருலோகப் பட்டை இருந்தது. அது சூடேறி வளைந்து சேதி சொல்வதற்குள் எண்ணெய் நிறையப் போயிருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கண் கெட்டுப்போனால் நடப்பதுதான். கரி படிந்தாலும் கம்பி அறுந்தாலும் பெட்டிக்கு அது இருட்டாகவே தெரியும், பர்னர் நின்றுவிடும். கம்பிகள் ஒட்டிக்கொண்டால் மட்டும் தீ எரிவதுபோல் பொய்த் தோற்றம் வரும். அதனால் தொடங்கும் முன்பே 'வெளிச்சம்' தெரிந்தால் பெட்டி பர்னரைக் கிளப்பவே கிளப்பாது.

எண்ணெய்க் குழாயிலும் ஒரு வால்வு உண்டு. பாய்லரைச் சுற்றித் தீப்பிடித்து வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அதிலுள்ள உலோகக் கலவை உருகும். ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். மின்சாரமே வேண்டாம்.

எல்லாம் இருந்தும் பல சமயம் ஆபத்து வருவது, பூட்டிக்கொண்ட பெட்டியை மறுபடி கிளப்பும் சிவப்பு ரீசெட் பொத்தானால்தான். குளிரில் நடுங்குகிறவர் அதைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எரியறைக்குள் இறங்கும். ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மறுபடி நின்றால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். புதிய பெட்டிகள் பலவும் தொடர்ந்து மூன்று முறை பூட்டிக்கொண்டால் சாதாரண அழுத்தலுக்கு அசைவதில்லை.