ட்யூப் மேல் நேரம் எழுதச் சொல்லுங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் ரிப்போர்ட் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர். வெறும் வயிற்றில் 104, ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 7.8 சதவீதம். முதலாவது சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாகச் சொல்கிறது, இரண்டாவது இல்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று மருத்துவர் போன் செய்து கேட்டார். மறுநாள் அந்த அம்மாவை தருமபுரிக்கே வரவழைத்து எங்கள் லேபில் ரத்தம் எடுத்தோம். 141.

கருவியில் கோளாறு இல்லை. அன்று காலை கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சோதனை சாம்பிள், சரியாகத்தான் ஓடியிருந்தது. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. ஊரில் காலை ஆறேகாலுக்கு எடுத்த ரத்தம் சிவப்பு மூடி ட்யூப்பில் அப்படியே இருந்து, பஸ் ஏறி எங்கள் கைக்கு வந்தபோது மணி பத்தே முக்கால்.

உடலை விட்டு வெளியே வந்தாலும் ரத்த அணுக்களுக்கு உயிர் இருக்கிறது, பசியும் இருக்கிறது. ட்யூப்பில் உள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். நாலரை மணி நேரம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 104 என்பது அந்த ட்யூப்பில் மிச்சமிருந்த சர்க்கரை. அதை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால்?

இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி ட்யூப். அதில் இருப்பது சோடியம் ஃப்ளோரைடு. நம் மாவட்டத்தில் ஃப்ளோரைடு என்றாலே கறை படிந்த பற்களும் வளைந்த கால்களும்தான் நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதே உப்பு ட்யூப்புக்குள் அணுக்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. முழுதாகக் கட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ரத்தம் எடுத்ததும் சென்ட்ரிஃப்யூஜ் என்ற வேகமாகச் சுழலும் கருவியில் சுற்றி அணுக்களைப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

ஊத்தங்கரை, அரூர் பக்கத்துப் பெற்றோர், “எல்லாம் மெஷின் ஆயிடுச்சே, பிள்ளையை இந்த லேப் டெக்னீஷியன் படிப்புல சேர்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் லியோனார்ட் ஸ்கெக்ஸ் பற்றிச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இருந்த உயிர்வேதியியலாளர். 1940-களில் செயற்கைச் சிறுநீரகக் கருவி ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தக் கருவியில் ஒரு மெல்லிய சவ்வு ரத்தத்திலிருந்து கழிவைப் பிரிக்கும்; அந்தச் சவ்வு வேலையையே லேபுக்கும் கொண்டுவந்தார். மெல்லிய குழாயில் சாம்பிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். ஒன்றோடொன்று கலக்காதபடி நடுநடுவே காற்றுக் குமிழ். அவ்வளவு எளிய யோசனை! 1957-இல் ஆட்டோஅனலைசர் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் பற்றிய முக்கியமான ஆய்வுகளும் அவருடையவை. உடம்பைப் படித்தவர் கையில்தான் நல்ல கருவி பிறந்தது. அதனால் பிள்ளைகளைத் தயங்காமல் சேருங்கள்; பட்டனை மட்டும் அழுத்தக் கற்றால் போதாது என்பதையும் சொல்லிச் சேருங்கள்.

இன்றைய கருவிகள் எவ்வளவோ கண்டுபிடிக்கின்றன. அணுக்கள் உடைந்து சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சிவந்திருந்தால் எச்சரிக்கும், கொழுப்பு மிதந்தால் சொல்லும். ஆனால் ரத்தம் எப்போது எடுத்தது என்பதை அந்த ட்யூப்பைப் பார்த்து எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. மனிதர் எழுதினால்தான் உண்டு.

ஆகவே அடுத்த முறை கை நீட்டும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி ட்யூப்தானே? எங்கே போகிறது, எப்போது போய்ச் சேரும்? உங்கள் கண்முன்னே பெயரையும் எடுத்த நேரத்தையும் அதில் எழுதட்டும். ரத்தம் எடுக்கும் தம்பி தங்கைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காலை நேர நெரிசலில் மறந்துபோவதுதான் பெரும்பாலும் நடப்பது.

அந்த அம்மாவின் ஊரிலிருந்து வரும் ட்யூப்களில் இப்போது நேரம் இருக்கிறது. இன்னும் ஓரிரு இடங்களிலிருந்து எழுதாமல்தான் வருகிறது. அவற்றில் சர்க்கரை பார்ப்பதில்லை, மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறோம்.