வென்றவர் சாபம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வங்கி ஏலத்துக்கு வரும் வீட்டை 'லேலோங் வீடு' என்பார்கள். லேலோங் என்ற மலாய்ச் சொல்லும் நம் 'ஏலம்' என்பதும் 'லெய்லாவ்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தவை. (பாயசத்தில் இடும் ஏலம் வேறு சொல்.)

ஏலத்தில் வென்றவரே நட்டப்படுவதை ஆங்கிலத்தில் 'வின்னர்ஸ் கர்ஸ்' என்கின்றனர். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பல் ஆகிய மூன்று பொறியாளர்கள் 1971-இல் இதை விளக்கினர். ஒரே பொருளைப் பலர் மதிப்பிடும்போது மிகையாக மதிப்பிட்டவரே பெரும்பாலும் வெல்கிறார். கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஏலம் எடுப்பவருக்கு இது பொருந்தாது; அவர் அருளுக்காகக் கொடுக்கிறார். மறுவிற்பனை விலையைக் கணக்கிட்டு லேலோங் வீட்டைக் கேட்பவருக்கே பொருந்தும். 'வென்றவர் சாபம்' என்பது நேரான தமிழாக்கம். ஆனால் சாபம் பிறர் இடுவது. இதுவோ தன் கணக்கால் விளைவது என்பதால் 'மிகைக்கேள்வி நட்டம்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது (கேள்வி என்பது இங்கே ஏலத்தில் கேட்கும் தொகை).

பட்டறிவு இதைத் திருத்துமா என்பதைச் சோதிக்க, சாமுவேல்சன், பேசர்மன் என்னும் ஆய்வாளர்கள் வகுத்த ஆட்டமொன்று பயன்பட்டது. அதில் ஒரு நிறுவனத்தின் மதிப்பு 0 முதல் 100 வரை எதுவாகவும் சம வாய்ப்புடன் இருக்கலாம். அது விற்பவருக்கு மட்டுமே தெரியும். வாங்குபவர் கைக்கு வந்தால் ஒன்றரை மடங்காகும். வாங்குபவர் அதை 60-க்குக் கேட்டால், மதிப்பு 60-க்கு உட்பட்டிருந்தால்தான் விற்பவர் இசைவார். அப்போது சராசரி மதிப்பு 30, வாங்குபவருக்கு 45, ஆக நட்டம் 15. எந்தத் தொகை கேட்டாலும் சராசரியில் இழப்பே என்பதால் கேளாதிருப்பதே சரி. எனினும், முடிவு உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டு 20 சுற்றுகள் ஆடிய 69 வணிக மேலாண்மை மாணவர்களில் ஐவரே இதைக் கற்றனர். இசைந்த பேரங்களில் மூன்றில் ஒன்று ஆதாயம் தருவதால், இழப்பைத் தற்செயல் என்று நினைக்க இடமிருக்கிறது என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

பலர் போட்டியிடும் ஏலங்களைக் கேகல், லெவின் என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டனர். மூன்று நான்கு பேர் உள்ள குழுக்களில் பழகியவர்கள் ஆதாயம் ஈட்டினர். அதே ஆள்கள் ஆறு ஏழு பேர் குழுவில் மீண்டும் இழந்தனர். போட்டியாளர் பெருகப் பெருக, வெல்பவரின் மதிப்பீடு மிகையாக இருக்கும் வாய்ப்பும் கூடும் என்பதால், கேள்வியைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் அவர்கள் உயர்த்தினர்.