கவர் போட்டிருந்தேனே அண்ணா

உடைந்த லேப்டாப்பை மேஜையில் வைத்ததும் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கீழயே விழலண்ணா. கவர் வேற போட்டிருந்தேன்." அவர்கள் பொய் சொல்வதில்லை. விழவில்லைதான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதை ஒட்டித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். தண்டையார்பேட்டையில் சின்னக் கடை. இத்தனை வருடம் உடைந்த டிஸ்ப்ளேக்களைக் கழற்றிப் பார்த்ததில், விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே என்ன நடந்தது என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. மூலையிலிருந்து கிளம்பியிருந்தால் கீழே விழுந்தது. நடுவில் மை கொட்டிய மாதிரி கறுப்பாகப் பரவி, அங்கிருந்து கோடுகள் ஓடினால் அமுங்கியது. நம் பக்கத்தில் இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் வருகிறது. காலையில் கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து சென்னை பீச் ஸ்டேஷன் போகிற ரயிலில் கொருக்குப்பேட்டையில் ஏறிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். முதுகுப் பை பின்னால் நிற்பவரின் நெஞ்சுக்கும் நம் முதுகுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதே பைக்குள் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், சார்ஜர், தண்ணீர் பாட்டில். டிபன் பாக்ஸின் விளிம்பு லேப்டாப் மூடியின் நடுவில் குத்திக்கொண்டே ராயபுரம் தாண்டிப் போகிறது.

போன வருடம் திருவொற்றியூரிலிருந்து ஒரு மாணவி வந்தாள். அனிமேஷன் படிக்கிறாள். அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். தவணையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆப்பிள் மேக்புக் ஏர், எம்1 சிப் வைத்தது. மேலும் கீழும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷெல், கீபோர்டு மேல் சிலிக்கான் விரிப்பு. டிஸ்ப்ளே நடுவில் கறுப்பு. இந்த மாடலில் கண்ணாடியை மட்டும் மாற்றுவது நடைமுறையில் இல்லை, மூடியையே முழுசாக மாற்ற வேண்டும். செலவைச் சொன்னபோது அவளுடைய அப்பா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தக் கவர் இன்னாத்துக்கு தம்பி?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மாதிரி கிளிப் ஷெல் பெரும்பாலும் பாலிகார்பனேட். கெட்டியான பிளாஸ்டிக்தான், சந்தேகமில்லை. கீறல் விழாமல் காக்கும். ஆனால் லேப்டாப்போடு ஒட்டி உட்காருவதால் இடையில் காற்றும் இல்லை, மெத்தென்று எதுவும் இல்லை. வெளியே விழுகிற அமுக்கம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். மூடி வளைந்தால் ஷெல்லும் கூடவே வளையும். போதாததற்கு எண்ணூர் சாலையின் தூசி ஷெல்லுக்கும் உடம்புக்கும் நடுவில் புகுந்து உப்புத்தாள் வேலை பார்க்கிறது. கழற்றிப் பார்த்தால் அலுமினியம் முழுக்கத் தேய்மானம். மாதம் ஒரு முறையாவது கழற்றித் துடைக்காதவர்கள் இந்த வகையைப் போடாமலிருப்பதே நல்லது.

கீபோர்டு விரிப்பு இன்னும் மோசம். மூடும்போது இடையில் இருக்கும் எதுவும் சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனத்தை, அதாவது 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கேமரா மேல் ஒட்டுகிற மூடிக்கும் இதேதான். அந்தப் பெண்ணின் சிலிக்கான் விரிப்பு அதைவிடப் பல மடங்கு தடிப்பு.

எடையும் சேர்கிறது. எம்1 ஏர் 1.29 கிலோ. அவளுடைய ஷெல்லைக் கடைத் தராசில் வைத்தேன், 260 கிராம் காட்டியது. அதில் ஏறக்குறைய பாதி மூடியில் தொங்குகிற பாரம். மூடியைத் தாங்குகிற ஹிஞ்ச், அதாவது கீல், அந்தப் பாரத்தைக் கணக்கில் வைத்துச் செய்ததல்ல. திறந்து வைத்தால் திரை தானாகப் பின்னால் சாய ஆரம்பித்திருந்தால், முதலில் ஷெல்லைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கீழ்ப்பக்க கிளிப் திடீரென்று சரியாக உட்காராமல் எகிறுகிறது, டச்பேட் அழுத்த வரவில்லை, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது என்றால், கவர் கெட்டுவிட்டது என்று நினைத்து அமுக்கி மாட்டாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். ஷெல் உப்பலை மறைத்துவிடுகிறது, எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

அப்படியானால் எது? பயணத்துக்கு என் சிபாரிசு, ஜிப் வைத்த ஈவிஏ ஹார்டு கேஸ். ஈவிஏ என்பது ஒரு வகை நுரை. சில செருப்புகளின் அடிப்பாகத்தில் இருப்பதும் அதுதான். அதை அச்சில் அழுத்தி விறைப்பான பெட்டியாகச் செய்கிறார்கள். வெளியே விறைப்பு, உள்ளே மெத்து. விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அநேகமாக இதுதான் வழி, மாடல்கள் அத்தனை இருப்பதால் அச்சாகப் பொருந்தும் ஷெல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், கீழ்ப்பக்கம் காற்று இழுக்கும் துளைகளை மறைத்துவிடும்.

கடையில் கேஸை வெறுமனே தட்டிப் பார்க்காதீர்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்து ஜிப்பைப் போட்டு, மூடியின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி அமுக்குங்கள். கேஸ் குழிந்து லேப்டாப்பைத் தொடுவது கைக்குத் தெரிந்தால் வேண்டாம். மூடி தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்தோ வரிவரியாகப் புடைத்தோ இருந்தால் தாங்கும். பிறகு குலுக்குங்கள். உள்ளே ஆடினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூலைகள் அடிபடும். ஜிப்பின் உள்பக்கம் பல் உரசாமல் துணிப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 15.6 இஞ்ச் என்பது திரையின் மூலைவிட்டம், உடம்பின் அளவு அல்ல. பட்டையான ஓரம் வைத்த பழைய லேப்டாப்பும் மெலிந்த புதியதும் ஒரே இஞ்சில் வேறு வேறு அளவு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் டேப்பில் சென்டிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்புக்குக்கு ஷெல்தான் வேண்டும் என்பவர்கள் அடியில் பொடி எழுத்தில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எம்1 ஏர் ஏ2337, முன்பக்கம் சரிந்தது. எம்2 13 இஞ்ச் ஏர் ஏ2681, முழுக்கத் தட்டை. ஒன்றின் ஷெல் மற்றொன்றுக்கு ஏறாது.

இந்த ஹார்டு கேஸ்களில் ஒரு குறை உண்டு. பலவற்றில் மூடியின் உள்பக்கம் சார்ஜர் வைக்க வலைப் பை இருக்கும். அதில் சார்ஜர் செங்கல்லை வைத்து மூடினால், டிபன் பாக்ஸ் வெளியிலிருந்து செய்த வேலையைச் சார்ஜர் உள்ளேயிருந்து செய்யும். அந்த வலையில் காகிதம் தவிர எதுவும் வேண்டாம்.

'மிலிட்டரி கிரேடு' என்ற ஸ்டிக்கருக்கு அதிக விலை தர வேண்டியதில்லை. அது மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறையைக் குறிப்பது. அதன் ஜி பதிப்பில் பிரபலமான சோதனை, 4 அடி உயரத்திலிருந்து 26 முறை போடுவது. விழும் இடம் கான்கிரீட் மேல் விரித்த 2 இஞ்ச் பிளைவுட். அந்த 26 விழுதலை ஐந்து பீஸ்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். எதைச் சோதித்தார்கள் என்று எழுதாத ஸ்டிக்கரால் பயனில்லை.

ஸ்லீப்பில் விட்டு கேஸுக்குள் வைக்காதீர்கள். இப்போதைய விண்டோஸ் லேப்டாப் பல, பைக்குள் தானாக விழித்துக்கொண்டு, காற்றில்லாமல் சூடேறுகின்றன. ஷட்டவுன் செய்துவிட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஜிப்பை நம்ப வேண்டாம். தையலும் ஜிப்பும் தண்ணீரை விடும். கேஸைச் சுற்றி ஒரு தடித்த பிளாஸ்டிக் கவர் போதும். நனைந்துவிட்டால் மூடி வைக்காதீர்கள், ஆன் செய்தும் பார்க்காதீர்கள்.

அந்த மாணவிக்கு மூடி மாற்றிக் கொடுத்த அன்று, கடையிலிருந்த ஈவிஏ கேஸ் ஒன்றில் வைத்து அவள் அப்பாவையே அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். லோடு கயிறு இழுத்த கை. இரண்டு கையையும் ஊன்றினார், மூடி இறங்கவில்லை. டிபன் பாக்ஸுக்கு இப்போது தனியாக ஒரு துணிப்பை வைத்திருக்கிறாளாம்.